வெருண்ட பிள்ளையும் தேற்றிய கைகளும்: எழுவான்கரையில் ஒரு வழக்கத்தின் வரலாறு

சின்னப் பிள்ளைகளின் பயத்தை மட்டக்களப்பு வாவிக்கரை மக்கள் நெடுங்காலம் ஒரே சொல்லால் குறித்து வந்தார்கள்: பிள்ளை வெருண்டுபோச்சு. இரவில் திடுக்கிட்டு எழும்பிக் கத்தும் பிள்ளை, தாயின் சேலையை விடாத பிள்ளை, காரணமில்லாமல் வயிறு நோகுது என்று அழும் பிள்ளை, பாயை நனைக்காமல் இருந்துவிட்டு மறுபடி நனைக்கத் தொடங்கிய பிள்ளை, எல்லாரும் வெருண்ட பிள்ளைகளே. பிற்காலத்தில் இலங்கையின் தமிழ் மருத்துவர்கள் இதற்கு வேறொரு சொல்லைக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் பதற்றம் என்று எழுதப்படுவது இங்கே பதகளிப்பு. வெருட்சிக்கு ஒரு காரணம் இருக்கும்: குரைத்த நாய், இடி, அடித்த வாத்தியார். பதகளிப்பு அந்தக் காரணம் போன பிறகும் உடம்பில் தங்கிவிடுவது. இன்னும் வராத ஒன்றுக்காக நெஞ்சு அடித்துக்கொண்டே இருப்பது. ஊர்ச்சொல்லிலிருந்து மருத்துவச் சொல்லுக்கு வந்துசேர இந்தக் கரை கடந்த தூரம் பெரியது. அதில் ஒரு பகுதி குருதி தோய்ந்தது.

இந்தக் கரையில் உள்ள தேற்றாத்தீவு மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் நெடுஞ்சாலையில், செட்டிபாளையத்துக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடைப்பட்ட ஊர். நிருவாகத்தில் மண்முனை தென் எருவில் பற்றைச் சேர்ந்தது. கிழக்கே கடல், மேற்கே வாவி. நடுவில் தென்னையும் மணலுமாக ஓர் ஒடுங்கிய நிலத்துண்டு. சூரியன் எழும் பக்கம் என்பதால் எழுவான்கரை. வாவிக்கு அப்பால் வயல்கள் விரியும் பக்கம் படுவான்கரை. ஊரின் பெயரில் தேற்றா மரம் இருக்கிறது. அதன் கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றி வைத்தால் மண் மெல்ல மெல்ல அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். கலித்தொகையின் 142ஆம் பாட்டு, துயரத்தில் பித்துற்ற ஒருத்தி தெளிந்து வருவதை இந்தக் கொட்டையால் தெளிந்த நீருக்கு ஒப்பிடுகிறது. நீரைத் தெளிவிப்பதற்கும் அழும் பிள்ளையை ஆற்றுவதற்கும் தமிழில் ஒரே வினைதான்: தேற்றுதல்.

மருத்துவமனையும் உளவியலும் வருமுன் அந்தத் தேற்றுதல் நடந்த இடம் தாய்வழி வளவு. மட்டக்களப்புத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி என்பது தாய்வழியாக வருவது. கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போவான். பெண்ணுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுக்கப்படும். அதனால் ஒரு பிள்ளையின் அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா எல்லாரும் கூப்பிடு தூரத்தில், பல வேளைகளில் ஒரே வேலிக்குள் இருப்பார்கள். அக்கரைப்பற்றிலும் மட்டக்களப்பிலும் பல பத்தாண்டுகள் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்த அமைப்பை விரிவாக எழுதியிருக்கிறார். அவர் எழுதியது சாதி, குடி, கோயில் உரிமை பற்றி. பிள்ளை வளர்ப்புக்கு இந்த அமைப்பு செய்த உதவி தனியாகச் சொல்லப்பட வேண்டியது. தாய் வயலுக்கோ சந்தைக்கோ போனாலும் பிள்ளையின் உலகம் உடைவதில்லை. அதே மணம், அதே குரல், அதே மடி வேறொரு பெண்ணிடம் கிடைக்கும்.

எட்டு மாதமளவில் பிள்ளைகள் அந்நிய முகத்தைக் கண்டு அழத் தொடங்குவதும், பத்து முதல் பதினெட்டு மாதம் வரை தாய் கண்ணிலிருந்து மறைந்தால் கதறுவதும் உலகெங்கும் ஒரே மாதிரி. இது நோயல்ல, யார் தன்னவர், யார் பிறர் என்று பிள்ளை அறிந்துகொண்டதற்கான அடையாளம். இரண்டு வயதுக்குப் பிறகு இருட்டும் பேயும் வரும், பிறகு மிருகங்கள், அதற்கும் பிறகு பள்ளிக்கூடம், களவு, சாவு. ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு வயது உண்டு. அந்த வயது தாண்டியும் அது பிள்ளையின் தூக்கத்தையும் சாப்பாட்டையும் விளையாட்டையும் பிடித்து வைத்திருந்தால்தான் அதைக் கோளாறு என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். அம்மம்மாவின் பாயில் மூன்று நான்கு பிள்ளைகள் வரிசையாகப் படுத்து, குப்பி விளக்கு எரிய, கதை கேட்டுக்கொண்டே உறங்கிய வழக்கம் இந்தப் பருவங்களில் பெரும்பாலானதைப் பெரிய சேதமில்லாமல் கடக்க உதவியது. தாலாட்டை இந்தப் பக்கத்தில், குறிப்பாக முஸ்லிம் ஊர்களில், ஓராட்டு என்பார்கள். வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இப்பகுதியின் நாட்டுப்பாடல்களையும் வழக்கங்களையும் திரட்டித் தந்த நூல். அதைப் புரட்டுகிறவருக்கு இந்தக் கரையில் பாட்டு வாழ்க்கையின் எந்தெந்த மூலையில் இருந்தது என்பது விளங்கும்.

வளவால் ஆற்ற முடியாத வெருட்சிக்குப் பார்வை பார்ப்பவர் இருந்தார். தண்ணீர் ஓதிக் கொடுப்பது, திருநீறு போடுவது, கறுப்பு நூல் முடிச்சிட்டுக் கட்டுவது, அட்சரக்கூடு அணிவிப்பது, பெரிய கோளாறு என்றால் கழிப்புக் கழிப்பது என்று படிகள் இருந்தன. முஸ்லிம் ஊர்களில் லெப்பை ஓதி ஊதுவார், இசிம் எழுதிக் கட்டுவார். ஊர் கலந்த இடங்களில் தமிழ்த் தாய் லெப்பையிடமும் முஸ்லிம் தாய் பார்வை பார்ப்பவரிடமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது சாதாரணம். பிள்ளைக்குக் காப்பணிவது மிகப் பழைய தமிழ் வழக்கமும்கூட. திருமாலின் ஐந்து படைக்கலங்களைச் சிறு உருவங்களாகச் செய்து கோத்த ஐம்படைத் தாலி சங்க இலக்கியத்திலும் மணிமேகலையிலும் பிள்ளைகளின் கழுத்தில் கிடக்கிறது.

இந்த முறைகளை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கினால் அவற்றில் வேலை செய்த பகுதி கண்ணுக்குத் தெரியாமல் போகும். பார்வை பார்க்கும்போது பிள்ளை தாயின் மடியில் இருக்கிறது. வீட்டார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து அதற்கு நடந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள். வெருண்டது பிள்ளையின் குற்றமல்ல, வெளியிலிருந்து வந்து பட்ட ஒன்று என்று எல்லாரும் ஏற்கிறார்கள். நூல் கட்டிய பிறகு தாய்க்கே பயம் குறைகிறது; தாயின் கை நடுங்காவிட்டால் பிள்ளையின் நடுக்கமும் அடங்கும். தீமையும் இருந்தது. பேய் பிடித்தது என்று முடிவாகிவிட்ட பிள்ளை, தன்னுள் ஒரு பேய் இருக்கிறது என்ற புதுப் பயத்தையும் சுமந்தது. சில கழிப்புகளின் பறையும் புகையும் இருட்டுமே போதும், நன்றாயிருக்கும் பிள்ளையையும் வெருட்ட. மூளைக்காய்ச்சலோ வலிப்போ வெருட்சி என்று கருதப்பட்டு மருத்துவம் தாமதித்த பிள்ளைகளின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

பழைய மருத்துவ நூல்கள் இந்த இடத்தில் வியப்பூட்டும் அளவுக்குத் தெளிவாக இருக்கின்றன. சுசுருத சங்கிதையின் உத்தரதந்திரம் பிள்ளைகளைப் பிடிக்கும் ஒன்பது கிரகங்களைச் சொல்கிறது. ஆனால் எப்படிப்பட்ட பிள்ளைகளை அவை பிடிக்கும் என்ற பட்டியலில் பயந்த பிள்ளை, மிரட்டப்பட்ட பிள்ளை, அடிக்கப்பட்ட பிள்ளை என்று வருகிறது. சரக சங்கிதையின் சாரீரஸ்தானம் இன்னும் நேரடியானது. பிள்ளை அழுதாலும் சாப்பிட மறுத்தாலும் சொல்வழி கேட்காவிட்டாலும் அரக்கன், பிசாசு, பூதனை என்று பேர் சொல்லி அதை வெருட்டக் கூடாது என்று அந்த நூல் விதிக்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையான அறிவுரை. அதைத் தமிழ் வீடுகள் பெரும்பாலும் கேட்கவில்லை. பூச்சாண்டியும் உம்மாண்டியும் சோறூட்டும் கருவிகளாகவே இருந்தன. போர்க்காலத்தில் பூச்சாண்டியின் இடத்தில் ஆமி வந்தது. சோறு தின்னாவிட்டால் ஆமி பிடிச்சிட்டுப் போகும் என்று சொல்லப்பட்ட பிள்ளைக்கு, மறுநாள் படலையில் உண்மையாகவே துவக்கோடு ஒருவன் வந்து நின்றபோது கதைக்கும் நிஜத்துக்கும் நடுவே இருந்த கடைசி வேலியும் விழுந்துவிட்டது.

பயமுறுத்தல் பள்ளிக்கூடத்துக்கும் போனது. வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்பில் தொடங்கிய பாடசாலையிலிருந்து இப்பகுதியின் நவீனக் கல்வி தொடங்குகிறது. திண்ணைப் பள்ளியிலும் மிஷன் பள்ளியிலும் பிரம்பு பொதுவாக இருந்தது. ஏடு தொடக்கிய நாளின் மகிழ்ச்சி பல பிள்ளைகளுக்கு ஒரு கிழமைகூட நீடிக்கவில்லை. இலங்கைக் கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபம் பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடைசெய்தது. சுற்றுநிருபம் வந்த வேகத்தில் பிரம்பு போய்விடவில்லை.

1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளி ஒரு தலைமுறையின் பிள்ளைகள் எல்லாரையும் ஒரே நேரத்தில் வெருட்டியது. கூரைகள் பறந்தன, தென்னைகள் சரிந்தன, நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். காற்று எழும்பினால் இன்றும் உறங்க முடியாத முதியவர்கள் அன்றைய பிள்ளைகள். அவர்களின் வெருட்சிக்கென்று தனியாக உதவி அன்று வந்ததாகத் தெரியவில்லை. வரவேண்டும் என்று பலருக்குத் தோன்றவும் இல்லை. மனவடு என்ற நோய்ப் பெயரும், பிள்ளைகளுக்கே உரிய பிரிவுப் பதகளிப்பு என்ற பெயரும் அமெரிக்க உளமருத்துவர்களின் நோய்க் கையேட்டில் நுழைந்தது 1980இல்தான்.

அடுத்த பத்தாண்டுகள் சூறாவளியைச் சிறிதாக்கின. 1987 சனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணைப் படுகொலை. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டது. அந்த ஆண்டு ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். செப்ரெம்பரில் வந்தாறுமூலை பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டுத் திரும்பவே இல்லை. சில நாட்களில் சத்துருக்கொண்டானில் கைக்குழந்தைகள் உட்பட நூற்றெண்பதுக்கும் மேற்பட்டோர். 1991 யூனில் மகிழடித்தீவுப் படுகொலை. தேற்றாத்தீவு போன்ற எழுவான்கரை ஊர்கள் படையினரின் கட்டுப்பாட்டிலும், வாவிக்கு அப்பால் படுவான்கரை புலிகளின் கட்டுப்பாட்டிலும் நெடுங்காலம் இருந்தன. பிள்ளைகளின் சொற்களில் சுற்றிவளைப்பு, செல், பங்கர், தலையாட்டி எல்லாம் வந்து சேர்ந்தன. தகப்பன் வீட்டுக்கு வரப் பிந்தினால் என்ன அர்த்தம் என்பதை ஐந்து வயதுப் பிள்ளையும் அறிந்திருந்தது.

பயம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. புலிகள் இயக்கத்துக்குப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்ற பயம் வாவியின் இரு கரையிலும் வீடுகளை ஆட்டியது. பதின்வயது அண்ணன் கொண்டுபோகப்பட்ட வீட்டில் சின்னப் பிள்ளைகள் முற்றத்துக்கு வரவும் அஞ்சினார்கள். 2004இல் இயக்கம் பிளவுபட்டபோது வீட்டுக்கு வந்த பிள்ளைகள் மறுபடியும் பிடிக்கப்படுவார்களோ என்று தாய்மார் இரவிரவாகக் காவல் இருந்தார்கள். பிள்ளையின் பதகளிப்பைப் பற்றிப் பேசும்போது அதற்கு முன் வரவேண்டியது தாயின் பதகளிப்பு. இரண்டாம் உலகப் போரில் இலண்டனில் போர்க்காலப் பராமரிப்பு இல்லங்களை நடத்திய அனா ஃபிராய்டும் டொரத்தி பேர்லிங்கமும் இதை முன்பே கண்டிருந்தார்கள். குண்டுவீச்சின்போது அமைதியாக இருந்த தாயின் அருகில் படுத்த பிள்ளை ஓரளவு தப்பியது. குண்டுக்குத் தப்ப நாட்டுப்புறத்துக்குத் தனியே அனுப்பப்பட்ட பிள்ளை அதைவிட அதிகமாக உடைந்தது. மட்டக்களப்பிலும் 1990க்குப் பிறகு சிறுவர் இல்லங்கள் பெருகின. சோறும் படிப்பும் தந்த அந்த இல்லங்களுக்குப் பலர் கடன்பட்டிருக்கிறார்கள். ஆனால் அம்மம்மாவின் பாயிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பிள்ளைக்குப் பிரிவே இரண்டாவது போர்.

வாய்திறந்து பேசுவது ஆபத்தாக இருந்த அந்த ஆண்டுகளில் அம்மன் கோயில்கள் பேசின. தெய்வம் ஏறியவர்கள் காணாமல்போனவர்களின் தாய்மாருக்கு வாக்குச் சொன்னார்கள். மகன் உயிரோடிருக்கிறானா என்ற கேள்வியைக் கேட்கக்கூடிய ஒரே இடம் அதுவாக இருந்தது. மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் இதை அருகிருந்து பார்த்து எழுதினார். வைகாசிச் சடங்கின் முடிவில் கண்ணகி அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி நடக்கும். எரிந்த தெய்வமும் எரிந்த ஊரும் ஒன்றாகக் குளிரும் அந்தக் கூட்டத்தில் தாயின் இடுப்பில் பிள்ளையும் இருந்தது. தாய் அழ முடிந்த இடத்தில் பிள்ளைக்கும் மூச்சு வந்தது. மார்கரெட் ட்ராவிக் படுவான்கரையில் தங்கி எழுதிய நூல் 2007இல் வெளிவந்தது. அவருடைய கண் பிள்ளைகளின் விளையாட்டில் இருந்தது. போரின் நடுவே பிள்ளைகள் விளையாடுவதை நிறுத்தவில்லை. போரையே விளையாட்டாக்கி அதைத் தங்கள் கைக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள்.

இந்த விளையாட்டைத்தான் ஒரு பூங்கா தன் மருந்தாக எடுத்துக்கொண்டது. தொண்ணூறுகளின் நடுவில் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெல்த் ரீச் திட்டத்தினர் மட்டக்களப்புப் பாடசாலைப் பிள்ளைகளிடம் போரின் தாக்கத்தை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளை கடுமையான மனவடு அறிகுறிகளோடு இருந்தது. கணக்கெடுத்துவிட்டுப் போவது போதாது என்ற எண்ணத்திலிருந்து 1996இல் மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் கனடிய ஓவியர் போல் ஹோகன். அவர் முன்பு ரொறொன்ரோவில் உடற்குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக ஸ்பைரல் கார்டன் என்ற தோட்டத்தை அமைத்திருந்தார். அவரோடு நின்றவர் மட்டக்களப்பின் இயேசு சபைத் துறவி, உளவளத்துணையில் தேர்ந்த போல் சற்குணநாயகம் அடிகளார்.

பூங்காவின் முறை எளியது என்றாலும் அதற்குப் பொறுமை வேண்டும். தமிழ் ஊரிலிருந்தும் முஸ்லிம் ஊரிலிருந்தும் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி வருவார்கள். கிழமையில் ஒரு நாள் என்று பல மாதங்கள் அதே பிள்ளைகள் வருவார்கள். களிமண், சாயம், பாட்டு, முகமூடி, மரங்கள், வளர்ப்புப் பிராணிகள், கதை. பிள்ளைகளோடு இருந்தவர்கள் உள்ளூர் இளைஞர்கள். அவர்களில் பலர் தாமும் போரில் இழந்தவர்கள். என்ன நடந்தது சொல்லு என்று யாரும் பிள்ளையை முதலில் கேட்கவில்லை. களிமண்ணில் கை வைத்த பிள்ளை மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தானாக ஒன்றைச் சொல்லும், சொல்லாமலும் இருக்கலாம். இதன் அருமை காத்தான்குடியும் சத்துருக்கொண்டானும் நடந்து ஆறே ஆண்டுகளில் இரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே மரநிழலில் இருந்ததில் தெரியும். தமிழ்ப் பிள்ளைக்கு முஸ்லிம் ஊரும் முஸ்லிம் பிள்ளைக்குத் தமிழ் ஊரும் பயத்தின் பெயராக இருந்த காலம் அது. அந்தப் பயம் புத்திமதியால் கரைவதில்லை. பக்கத்திலிருந்து ஒன்றாகச் சாயம் கலக்கும்போது கரையும்.

அறிவியலில் இதற்கு ஒரு முன்னோடிச் சோதனை உண்டு. 1924இல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் முயலைக் கண்டு அலறிய பீற்றர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். பிள்ளை தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூட்டில் இருந்த முயலைத் தூரத்தில் வைத்தார்கள். ஒவ்வொரு நாளும் சிறிது கிட்டே நகர்த்தினார்கள். பயப்படாத மற்றப் பிள்ளைகளும் பக்கத்தில் இருந்தார்கள். முடிவில் பீற்றர் முயலைத் தடவினான். இன்று பதகளிப்புக்குத் தரப்படும் சிகிச்சையின் நடுத்தண்டு இதுவே. பயந்த பொருளிடமிருந்து பிள்ளையை முழுக்க மறைத்துவிட்டால் பயம் அந்த மறைவில் கொழுக்கும். ஒரேயடியாக அதன் முன் தள்ளிவிட்டாலும் கொழுக்கும். பிள்ளை தாங்கும் அளவுக்கு, நம்பிக்கையான ஒருவரின் கையைப் பிடித்தபடி, படிப்படியாக நெருங்குவதுதான் வழி.

பூங்கா நடந்த காலத்தில் கூத்தும் பிள்ளைகளிடம் திரும்பியது. பேராசிரியர் சி. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழிக் கூத்தை ஆராய்ந்து மேடைக்கும் கல்விக்கும் கொண்டுவந்த பணி முன்பே நடந்திருந்தது. சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் சீலாமுனையில் ஊரவரோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் செய்தார்கள். சிறுவர் கூத்துகளும் ஆடப்பட்டன. கூத்துக் களரியில் பிள்ளைக்கு உடம்பு திரும்பக் கிடைக்கிறது. பயந்த பிள்ளையின் தோள் குறுகி, மூச்சு மேலோட்டமாகி, குரல் தொண்டைக்குள் ஒடுங்கிக் கிடக்கும். தாளக்கட்டுக்கு மிதித்து, உரத்துப் பாடி, வட்டமாக ஆடும்போது இவை மூன்றும் கட்டவிழும். கண்ணகியின் சீற்றத்தால் அம்மையும் வரட்சியும் வந்தன என்று நம்பிய காலத்தில் ஊரே வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து கொம்புமுறி விளையாடியதற்கும் இதற்கும் உறவு இருக்கிறது. பெரும் பயத்தின்போது ஒன்றுகூடி விளையாடுவது இந்தக் கரைக்குப் புதிதல்ல.

2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தது. எழுவான்கரை முழுவதும் கடலோர ஊர்கள் அடிபட்டன. கல்லடி, நாவலடிப் பக்கம் பேரழிவு. இலங்கை முழுவதிலும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒருபக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமான நிலத்துண்டில் ஓடுவதற்கு இடம் குறைவு. கடலின் இரைச்சல் அதுவரை பிள்ளைகளுக்கு உறக்கப்பாட்டு. அன்றிலிருந்து அதே இரைச்சல் எழுப்பிவிடும் ஒலியானது. 2005 மார்ச் 28 இரவு சுமாத்திராவுக்கு அருகே மறுபடி நிலம் அதிர்ந்து எச்சரிக்கை வந்தபோதும், 2012 ஏப்ரல் 11 பிற்பகலிலும் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்த ஓட்டங்களில் அலை வரவில்லை. பிள்ளைகளின் உடம்புக்கு அது தெரியாது.

அலைக்குப் பின்னால் உதவி வந்தது, அதுவும் அலைபோலவே. முகாமுக்கு முகாம் வெவ்வேறு நிறுவனத்தார் வந்து பிள்ளைகளிடம் கடதாசியும் கலர்ப் பென்சிலும் கொடுத்துக் கடலை வரையச் சொன்னார்கள். வரைந்த பிள்ளை யாருடைய மடியில் அன்றிரவு உறங்கும் என்று கேட்கப் பலருக்கு நேரமிருக்கவில்லை. நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டாலும், தெரியாத ஒருவர் ஒருநாள் வந்து காயத்தைத் திறந்துவிட்டுப் போவது பிள்ளைக்குத் தீங்கு. மட்டக்களப்பில் போர்க்காலத்திலேயே உளசமூகப் பணியில் பழகிய உள்ளூர்க் குழுக்கள் இருந்தது நல்வாய்ப்பு. அவை சேர்ந்து மாங்குரோவ் என்ற ஒருங்கிணைப்பு அலகை அமைத்து, யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்பதை ஒழுங்குபடுத்த முயன்றன. வாவிக்கரைச் சேற்றைப் பிடித்து வைத்திருக்கும் கண்டல் மரத்தின் ஆங்கிலப் பெயர் அது. 2007இல் உலக நிறுவனங்களின் கூட்டுக் குழு வெளியிட்ட அவசரகால உளநல வழிகாட்டி, பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்த்து வைப்பது, பாடசாலையை விரைவில் திறப்பது, விளையாட இடம் தருவது, நடந்ததை ஒரே இருப்பில் கட்டாயமாகச் சொல்லவைக்காமல் இருப்பது என்பவற்றை வலியுறுத்தியது. அந்த அலையின் அனுபவமும் அதில் கலந்திருந்தது.

மருத்துவமனைப் பக்கத்தின் கதை தனி. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் உளக்காயத்தைத் தமிழில் எழுதி, மனவடு, நெருக்கீடு போன்ற சொற்களைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கிழக்கில் உளமருத்துவர் மகேசன் கணேசன் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் ஏறத்தாழ ஒன்றுமில்லாத நிலையிலிருந்து உளநலச் சேவையைக் கட்டியெழுப்பினார். பிரதேச வைத்தியசாலைகளுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் அதைக் கொண்டுபோனார். கவுன்சலிங் என்ற சொல்லுக்கு இங்கே உளவளத்துணை என்ற தமிழ் நிலைத்தது; வடக்கில் சீர்மியம் என்றும் சொல்வார்கள். உளவளத்துணை என்ற சொல்லில் துணை இருப்பது பொருத்தம். சின்னப் பிள்ளைக்கு உளவளத்துணை என்றால் மேசைக்கு இருபுறமும் இருந்து பேசுவதாக இருக்க முடியாது. பொம்மையும் மணலும் வரைதலும்தான் அதன் மொழி. பாதி வேலை பெற்றோரோடு நடப்பது: பிள்ளையைக் கோழை என்று சொல்லாமலிருக்க, தம்பியோடு ஒப்பிடாமலிருக்க, ஒன்றுமில்லை என்று பயத்தை மறுக்காமல், பயமா இருக்கா மனே, நான் பக்கத்திலதான் இருக்கன் என்று சொல்லப் பழக.

போர் 2009இல் முடிந்த பிறகும் பிரிவு முடியவில்லை. எண்பதுகளிலிருந்தே இந்தக் கரையின் தாய்மார் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்களாகப் போகிறார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மாரைத் தடுக்கும் வகையில் 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. பிற்பாடு அந்த விதி தளர்த்தப்பட்டது. தாயைத் தடுப்பதால் வீட்டு அடுப்பு எரிவதில்லை. போனவர்களின் பிள்ளைகளைத் தாங்கியது மறுபடியும் அம்மம்மாவின் வளவுதான். ஆனால் சுனாமிக்குப் பிறகு கரையிலிருந்து தள்ளிக் கட்டப்பட்ட குடியேற்ற வீடுகளில் அக்காவும் தங்கையும் வெவ்வேறு வரிசைகளில் வீடு பெற்ற இடங்களில் அந்த வளவே கலைந்திருந்தது.

இதற்கு மேல் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. பத்து வயதுப் பிள்ளை விடியப்புறம் எழுந்து தனியார் வகுப்புக்குப் போய், பாடசாலைக்குப் போய், மறுபடி வகுப்புக்குப் போகிறது. வெட்டுப்புள்ளி என்ற சொல் வீட்டில் சாப்பாட்டு நேரத்திலும் கேட்கிறது. பரீட்சைக்கு முந்தின கிழமைகளில் வயிற்றுவலி, வாந்தி, தூக்கமின்மை என்று வரும் பிள்ளைகளில் பலருக்கு வயிற்றில் கோளாறு எதுவும் இருப்பதில்லை. சூறாவளிக்கும் செல்லுக்கும் ஒப்பிட்டால் இது சின்னப் பயம் என்று பெரியவர்களுக்குத் தோன்றும். உடம்பு அப்படி எடைபோடுவதில்லை. வெருண்ட நெஞ்சு எதற்கும் ஒரே மாதிரித்தான் அடிக்கிறது. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் பலர் இறந்தபோது பழைய பயம் புதுத் தலைமுறையிடம் வந்தது. 2020இல் நோய்த்தொற்றுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டு நெடுநாள் கழித்துத் திறந்தபோது, வீட்டுக்கு வெளியே போகவே அஞ்சிய சின்னப் பிள்ளைகளை ஆசிரியர்கள் கண்டார்கள்.

இன்று பயந்த பிள்ளைக்கு முதல் உதவி பெரும்பாலும் முன்பள்ளியிலேயே கிடைக்கிறது. சனவரியில் புதுப் பிள்ளைகள் வரும் நாட்களில் அனுபவமுள்ள ஆசிரியை தாயை உடனே அனுப்பிவிடுவதில்லை. முதல் நாள் தாய் உள்ளே பாயில் இருக்கிறாள். பிறகு விறாந்தையில், பிறகு படலைக்கு வெளியே மரத்தடியில். போகும்போது ஒளிந்து போகாமல், பிள்ளையிடம் சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருகிறாள். அழும் பிள்ளையின் கையில் ஆசிரியை களிமண்ணோ மணலோ கொடுத்து, பக்கத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்துகொள்கிறார். இரண்டு மூன்று கிழமைகளில் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தாய் போனதைக் கவனிப்பதில்லை. ஒரு மாதம் கடந்தும் அழுகை குறையாத, சாப்பிடாத, ஒருவரோடும் பேசாத பிள்ளை இருந்தால் ஆசிரியை தாயோடு பேசுகிறார். அங்கிருந்து குடும்பநல உத்தியோகத்தர், அவரிடமிருந்து களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை என்று வழி இருக்கிறது. அந்த வழியில் போகும் பிள்ளையின் மணிக்கட்டில் பல வேளை அம்மம்மா கட்டிய கறுப்பு நூலும் இருக்கும். விபரம் தெரிந்த மருத்துவர்கள் அதை அவிழ்க்கச் சொல்வதில்லை.